மூளிக்காது: வெளிச்செவியின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

1

சிவகாசி வட்டாரத்துக் கிராமங்களில் தூரத்தில் ‘டும்’ என்று கேட்டால் யாரும் ‘என்ன சத்தம்?’ என்று கேட்பதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். ‘எந்தப் பக்கம்?’ என்றுதான் கேட்பார்கள். செய்துமுடித்த வெடியைப் போட்டுப் பார்க்கிற சத்தம் வேறு, இது வேறு என்பதும் அவர்களுக்குத் தெரியும். குடத்தோடு குழாயடியில் நிற்கிற பெண், வாசலில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டுகிற பெண், கடைத்திண்ணையில் கால் நீட்டியிருக்கிற பெரியவர் என எல்லோரும் ஒரு நொடி அசையாமல் இருந்துவிட்டுத் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். ‘கிழக்க கேட்டுச்சு.’ ‘இல்லத்தா, வடக்க. கம்மாய்க்கு அங்கிட்டு.’ திசை தெரிந்தால் ஆலை தெரியும். ஆலை தெரிந்தால் விடியக்காலையில் அந்த ஆலை வண்டியில் ஏறிப்போனவர்கள் யார் யார் என்பதும் தெரியும். அதற்குள் புகை எழும்பிவிடும், செல்போன்கள் அடிக்கத் தொடங்கிவிடும். ஆனாலும் முதல் தகவல் காதிலிருந்துதான் வருகிறது. அழுவதா, ஓடுவதா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

என் அப்பத்தாவுக்குத் தொள்ளைக் காது. தோளைத் தொடுகிற காது, அதில் தண்டட்டி. சத்தம் கேட்டால் உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்துவைத்து, ஆடுகிற தண்டட்டியை மற்றக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்கும். ‘காது வளத்தவளுக்குக் காது நல்லாக் கேக்கும்டா’ என்று சொல்லும். மருத்துவம் இதை ஏற்காது. தொங்குகிற அந்தச் சதைக்கும் கேட்பதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காதின் கேட்காத பகுதியைத்தான் அப்பத்தாவின் தாயும் பாட்டியும் இழுத்து இழுத்து வளர்த்தார்கள், தங்கத்தால் நிரப்பினார்கள், திருடன் அறுத்தான், சீர்திருத்தக்காரர்கள் வெட்டித் தைக்கச் சொன்னார்கள், வெள்ளைக்காரன் படம் பிடித்தான். கேட்கிற பகுதியை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. இந்த முரணிலிருந்து தொடங்கி, உழைக்கும் சாதிகளின் வெளிச்செவிக்கு இந்தக் கரிசல் மண்ணில் என்னென்ன நேர்ந்தது என்று யோசிப்பதற்கான சில குறிப்புகளே இவை.

2

முதலில் உறுப்பைப் பற்றி. காதை வெளிச்செவி, நடுச்செவி, உட்செவி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வெளிச்செவி என்பது கண்ணுக்குத் தெரிகிற மடலும், அதிலிருந்து உள்ளே போகிற குழலும். குழலின் முடிவில் செவிப்பறை. மடலின் பெரும்பகுதி குருத்தெலும்பு. அதன்மேல் மிக மெல்லிய தோல், இடையில் சதை என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. கீழ்நுனியில் மட்டும் குருத்தெலும்பு கிடையாது. கொழுப்பும் தோலும் நார்த்திசுவும்தான். எடை தொங்கவிட்டால் அது நீள்வதற்குக் காரணம் இதுவே. இதே காரணத்தால்தான் அது கிழியவும் செய்கிறது.

மடலின் மேடுபள்ளங்கள் அழகுக்காக அமைந்தவை அல்ல. மேலிருந்து வருகிற ஒலி ஒரு மாதிரியும் கீழிருந்து வருகிற ஒலி வேறு மாதிரியும் அந்த மடிப்புகளில் பட்டுத் திரும்பிக் குழலுக்குள் நுழைகின்றன. இடமா வலமா என்பதை இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்துசேர்கிற நேர வேறுபாட்டையும் அளவு வேறுபாட்டையும் வைத்து மூளை கண்டுபிடித்துவிடும். மேலா கீழா, முன்னா பின்னா என்பதற்கு மடலின் மடிப்புகள் வேண்டும். 1998இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சிலருடைய காதுமடல் பள்ளங்களில் அச்சு செய்து பொருத்தி அதன் வடிவத்தை மாற்றிவிட்டார்கள். அவர்களுக்கு இடம் வலம் தெரிந்தது. மேல் கீழ் தெரியவில்லை. சில வாரங்கள் அதோடு வாழ்ந்த பிறகு, புதிய காதைக் கொண்டு கேட்க மூளை திரும்பவும் கற்றுக்கொண்டது. அதாவது ஒவ்வொருவரும் தம் காதின் வடிவத்தைத் தமக்குத் தெரியாமலே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம். மாடும் நாயும் காதைத் திருப்பும். அந்தத் தசைகள் நமக்குப் பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன. அதனால் தலையைத் திருப்புகிறோம். குழாயடியில் அந்தப் பெண் செய்தது அதுதான்.

குழலுக்கு வேறொரு வேலை. ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை அடைத்த குழாய் அது. புல்லாங்குழலைப் போல அதற்கென்று ஒரு சுருதி உண்டு. நொடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய ஒலிகளை அது 10 முதல் 15 டெசிபல் வரை கூட்டித் தருகிறது. பேச்சில் ஒரு மெய்யை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய உதவுகிற ஒலிகளில் பல இந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கெடுதலும் இங்கேதான் வருகிறது. பெருஞ்சத்தத்தால் காது பழுதாகும்போது முதலில் போவது 4000 அதிர்வுகளை ஒட்டிய பகுதி. குழல் கூட்டிக்கொடுத்ததே அதற்கு ஒரு காரணம். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு மூடி கிடையாது. நடுச்செவியின் தசைகள் இறுகி ஓரளவு தடுக்கும் என்றாலும் அதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகிவிடலாம். வெடிச்சத்தம் அதற்கு முன்பே உள்ளே போய்விடும்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவால் வகைப்படுத்தும்போது நாலறிவில் கண்ணை வைத்து, ஐந்தாவதாகத்தான் செவியைச் சேர்க்கிறார். அதற்கு மேலே மனம் ஒன்றுதான். வள்ளுவர் ‘கேள்வி’ என்று ஓர் அதிகாரமே வைத்து, கேள்வியால் துளைக்கப்படாத காதை, கேட்டாலும் கேளாத காது என்கிறார். துளைத்தல் என்ற சொல்லை இங்கே கவனிக்க வேண்டும். நம் ஊரில் துளைக்கப்பட்டது எந்தக் காது, எந்தப் பகுதி, யாரால்?

3

காது வளர்த்தல் தமிழ்நாட்டில் இன்று நேற்று வந்ததல்ல. பொருநராற்றுப்படையில் பாடினியை முடிமுதல் அடிவரை வருணிக்கிற இடத்தில் அவளுடைய காது மயிர்வெட்டும் கத்தரிகையின் பிடிக்கு ஒப்பிடப்படுகிறது. குழையின் பாரத்தைத் தாங்கி ஊசலாடுகிற காது அது. கத்தரிக்கோலின் கைப்பிடி வளையத்தை நினைத்துப் பாருங்கள். தொள்ளைக் காதைப் பார்த்தவர்களுக்கு அந்த உவமை எவ்வளவு கச்சிதம் என்பது புரியும். ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கிற ஒருத்தியின் காது இது, அரசியின் காதல்ல என்பதும் முக்கியம். கழுகுமலைப் பாறையில் எட்டாம் நூற்றாண்டையொட்டிப் பாண்டியர் காலத்தில் செதுக்கப்பட்ட சமணத் தீர்த்தங்கரர்களுக்கும் காது நீண்டு கிடக்கிறது. புத்தருக்கும் அப்படியே. துறவியின் காதில் அணி இல்லை, அணி இருந்த தடம் மட்டும் இருக்கிறது. துறந்தது எவ்வளவு என்பதைத் துளையின் அளவு சொல்கிறது எனலாம். சுசுருத சம்ஹிதை காதுகுத்துவதற்கும் துளையைப் படிப்படியாகப் பெரிதாக்குவதற்கும் முறை சொல்லி, அறுந்த காதை ஒட்டவைப்பதற்கு மட்டும் பதினைந்து வழிகளை அடுக்குகிறது. அறுந்த காது அந்தக் காலத்திலேயே ஒரு வழக்கமான பிரச்சினையாக இருந்திருந்தால்தானே அத்தனை வழிகள் தேவைப்பட்டிருக்கும்.

தென்மாவட்டங்களில் மறவர், நாடார், கோனார், பள்ளர் என்று பல சாதிப் பெண்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. பிள்ளை பிறந்து சில நாளிலோ சில மாதத்திலோ காதைக் கீறிப் பஞ்சுத்திரியைச் செருகுவார்கள். புண் ஆறஆறத் திரியின் தடிமன் ஏறும். பிறகு பனையோலைச் சுருள். சுருட்டிய ஓலை விரிய முயல்வதால் துளை தானாகவே அகலும். கடைசியில் ஈயக் குணுக்கு. அழுகிற பிள்ளையின் காதில் ஈயத்தைத் தொங்கவிட்டுத் தாலாட்டுவார்கள். இதில் வலி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. மரபு என்பதற்காக இதைக் கொண்டாடுவது என் நோக்கமல்ல.

வளர்ந்த காதில் ஏறியவை பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகபடம், எதிர்த்தட்டு. மேல்மடலில் கொப்பு, முருகு. பாம்படமும் தண்டட்டியும் முழுத்தங்கம் அல்ல. உள்ளே அரக்கு, மேலே தங்கத்தகடு. வங்கி இல்லாத ஊரில், வங்கிக்குள் நுழைய முடியாத பெண்ணுக்கு, காதுதான் இரும்புப்பெட்டி. மகள் கல்யாணத்துக்கும் மழை பொய்த்த வருசத்துக்கும் அது அடகுக்கடைக்குப் போகும். போனபின் வெறுங்காது தொங்கும். அதற்குப் பெயர் மூளிக்காது. மூளி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு: நகையில்லாதது, உறுப்பறுந்தது. நகை போவதையும் உறுப்பு போவதையும் தமிழ் ஒரே சொல்லால் குறித்தது. ‘மூளி’ என்று ஒருத்தியை வைதால் அதில் வறுமையும் கைம்மையும் ஊனமும் ஒன்றாகச் சேர்ந்து வந்து விழும்.

இந்தத் தங்கம் வெறும் அலங்காரமல்ல என்பதற்கு மேற்கே திருவிதாங்கூரைப் பார்க்க வேண்டும். அங்கே சாணார் பெண்கள் மேலாடை அணியக் கூடாது என்ற விதியோடு, பொன்நகை போடக் கூடாது, குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்ற விதிகளும் சேர்ந்தே இருந்தன. 1822இல் தொடங்கிய தோள்சீலைக் கலகம் 1859ஆம் ஆண்டு அரச அறிவிப்பில் வந்து முடிந்தது. நாம் மேலாடையைப் பற்றித்தான் பேசுகிறோம். காதைப் பற்றிப் பேசுவதில்லை. கிழக்கே நம் பக்கத்தில் 1897இல் கமுதிக் கோயில் நுழைவு, 1899 ஜூன் 6இல் சிவகாசிக் கலவரம். ஒரு சாதியின் உடம்பு எங்கே நுழையலாம், எதை அணியலாம், எதைச் சுமக்கலாம் என்பதைப் பற்றிய சண்டைகள் இவை. அந்த உடம்பின் ஓரத்தில்தான் பாம்படம் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்னொரு பக்கம் இருக்கிறது. வேதத்தைக் காதால் கேட்கிற சூத்திரனின் செவியில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றி அடைக்க வேண்டும் என்று கௌதம தர்மசூத்திரம் விதிக்கிறது. பிரம்மசூத்திர உரையில் சங்கரர் இதை எடுத்துக்காட்டவும் செய்கிறார். ஈயமும் அரக்கும். குணுக்கில் ஈயம், பாம்படத்துக்குள் அரக்கு. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது வரலாறல்ல, வார்த்தை விளையாட்டு. ஆனால் ஒரே உறுப்பின் இரண்டு துளைகளும் எப்படி நடத்தப்பட்டன என்பதை அருகருகே வைத்துப் பார்க்கலாம். கேட்கிற துளையை அடைக்கச் சொன்னது சாத்திரம். கேட்காத துளையைப் பெரிதாக்கிக்கொள்ளத் தடையில்லை. அங்கேயும் தங்கம் என்று வந்தால் தடை. சூத்திரருக்கும் பெண்ணுக்கும் காது என்பது அணிவதற்கான இடம், கேட்பதற்கான வழி அல்ல. வள்ளுவர் சொன்ன துளைத்தல் அவர்களுக்கு விதிக்கப்படவில்லை.

பிறகு வெள்ளைக்காரன் வந்தான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் கருவி வைத்து அளந்தவர். 1906இல் வந்த அவருடைய இனவரைவியல் குறிப்புகளில் உருக்குலைவும் சிதைப்பும் என்ற தலைப்பில் ஓர் இயல் இருக்கிறது. காது வளர்ப்பு அங்கேதான் இடம்பெறுகிறது. பாடினியின் காது ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ‘சிதைப்பு’ ஆனது. ஐரோப்பியச் சீமாட்டி இடுப்பெலும்பு நோகும்படி கச்சை கட்டியது நாகரிகம், இது உருக்குலைவு. இந்தப் பார்வை மெல்லமெல்ல நம் வீட்டுக்குள் வந்தது. பள்ளிக்கூடம், சபை, சங்கம், பட்டணத்து மாப்பிள்ளை என்று அது வராத வழி இல்லை. 1910இல் நாடார் மகாஜன சங்கம் தோன்றியது. 1921 மக்கள்தொகைக் கணக்கில் சாணார் என்ற பெயர் போய் நாடார் வந்தது. 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆனது. பெயர்கள் மாறிய காலம் அது. காதும் மாறியது.

அப்பத்தாவின் தங்கச்சி விருதுநகரில் வாக்கப்பட்டது. மகனுக்குப் பெண் பார்க்கப் போகும்போது பட்டிக்காட்டுக் காதோடு போகக் கூடாது என்று ஓர் ஆஸ்பத்திரியில் காதை வெட்டித் தைத்துக்கொண்டது. தொங்கின சதையை நீக்கிவிட்டுக் கம்மல் போடுகிற அளவுக்குச் சின்னத் துளை. தழும்பு கடைசிவரை இருந்தது. ஊருக்கு வந்தபோது அப்பத்தா கேட்டதாம்: ‘வெட்டினதை என்னடி செஞ்ச?’ சின்னவள் சொன்னது: ‘அதை அவுகளே வச்சுக்கிட்டாக.’ வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

நீண்ட காதைத் திருத்தியது விடுதலை இல்லையா என்று கேட்கலாம். விடுதலைதான், சந்தேகமில்லை. பிள்ளையின் காதில் ஈயம் தொங்காதது நல்லதுதான். ஆனால் உடம்பின் ஓரத்தைத் திருத்திய நவீனம் அந்த உடம்பு போய் உட்கார்ந்த இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. காது குறுகியது, வேலைநேரம் குறுகவில்லை.

4

1922இல் பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி தொடங்கியது. பட்டாசு பின்னால் வந்து, 1940களில் நிலைபெற்றது. மழை குறைவு, வெயில் அதிகம், காற்று வறண்டது, விவசாயம் பொய்த்தது, கூலி மலிவு. இவையெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த காரணங்கள். காது நமக்கு வேறொன்றைக் காட்டுகிறது.

பட்டாசு ஆலைக்குள் சத்தமே கிடையாது. உலகத்துக்கே சத்தம் செய்துகொடுக்கிற தொழில் சத்தமில்லாமல் நடக்கிறது. பெரிய எந்திரம் இல்லை, ஓசை இல்லை. பொறி பறக்கக் கூடாது என்பதால் இரும்புக் கருவிகூட ஆகாது. தனித்தனியாக எழுப்பிய சின்னச்சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் சில பேர். குழாய் உருட்டுதல், மருந்து செலுத்துதல், திரி வைத்தல், சரம் பின்னுதல் என எல்லாம் கைவேலை. மருந்து அறையில் அலுமினியப் பொடி உடம்பெல்லாம் படிந்து ஆளே வெள்ளிச்சிலை மாதிரி இருப்பார்கள். சாயங்காலம் குளிக்கும்போது முகத்தில், கையில் போய்விடும், காதுமடிப்புக்குள் போவதில்லை. ஒலியின் திசையைச் சொல்கிற அதே மேடுபள்ளங்களில்தான் அந்தப் பொடி தங்குகிறது. பாம்படம் போன காதில் இப்போது இந்த வெள்ளி. இந்தத் தொழிலாளி தன் வேலையின் சத்தத்தைக் கேட்பது இரண்டு சந்தர்ப்பங்களில்: தீபாவளியன்று, அல்லது விபத்தன்று.

சட்டம் எந்தக் காதைப் பாதுகாக்கிறது? 1999 அக்டோபரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் (உச்ச அழுத்தக் கணக்கில் 145 டெசிபலுக்கு மேல்) சத்தம் எழுப்புகிற வெடிகளைச் செய்யவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. சரவெடிக்குத் தனிக் கணக்கு. அதே 1999இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், காதுக்குப் போகிற உச்ச அழுத்தம் பெரியவர்களுக்கு 140, குழந்தைகளுக்கு 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்றது. நம் சட்டத்தின் 145 நாலு மீட்டருக்கு அப்பால் நிற்பவருக்கே அதைத் தாண்டுகிறது. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும். நாலு மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு வந்தால் 12 கூடி 157 ஆகிவிடும். பற்றவைத்துவிட்டு ஓடுகிற பையன் நிற்கிற தூரம் எவ்வளவு? செய்கிறவர்களின் தூரம் எவ்வளவு? மடியில் வைத்துத்தான் சரம் பின்னுகிறார்கள். அந்த நாலு மீட்டர் என்பது வாங்குகிறவனின் வாசலுக்கும் வெடிக்கும் இடையிலுள்ள தூரம். செய்கிறவளின் கைக்கும் வெடிக்கும் இடையில் சட்டத்தில் தூரமே இல்லை.

2005 ஜூலையில் உச்சநீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 வரை வெடி வெடிக்கத் தடை விதித்தது. தூக்கம் மனித உரிமை என்பது அதன் அடிப்படை. நல்ல தீர்ப்பு. அதே தீர்ப்பு, ஏற்றுமதிக்கென்றால் வரம்பை மீறிய சத்தமுள்ள வெடிகளையும் செய்யலாம், ஆனால் அவை உள்நாட்டில் விற்கப்படக் கூடாது என்றது. கேட்கிற காது வெளிநாட்டில் இருந்தால் சரி. செய்கிற கை எங்கே இருக்கிறது என்ற கேள்வி எழவில்லை. 2018 அக்டோபர் தீர்ப்பு பேரியம் உப்பையும் சரவெடியையும் தடைசெய்து, தீபாவளிக்கு இரண்டு மணிநேரம் கொடுத்தது. தமிழ்நாடு அதைக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று பிரித்துக்கொண்டது. இம்முறை காதோடு மூச்சும் சேர்ந்தது. இரண்டும் வாங்குகிறவருடையவை. பட்டாசே வேண்டாம் என்பவர்களும் பட்டாசு வேண்டும் என்பவர்களும் நகரத்துக் காதுக்காகத்தான் வாதாடுகிறார்கள். சரம் பின்னுகிற பெண்ணுக்கு அந்தத் தீர்ப்பு கூலி இழப்பாக வந்து சேர்ந்தது.

இன்னும் நுட்பமான ஒன்று. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் கொடுங்காயத்தை எட்டு வகையாகப் பிரித்தது. ஒரு காதின் கேள்வியை நிரந்தரமாகப் போக்குவது ஒரு வகை. தலையையோ முகத்தையோ நிரந்தரமாக விகாரப்படுத்துவது வேறொரு வகை. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்தப் பிரிவினை அப்படியே இருக்கிறது. தண்டட்டிக்காகத் திருடன் கிழவியின் காதை அறுத்தால் அது இரண்டாவது வகையில்தான் சேரும்; அவளுக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையிலும் அப்படியே: முழுச்செவிடு தனி, முகத்தின் மிகக் கடுமையான விகாரம் தனி. சட்டத்தின் பார்வையில் வெளிச்செவி காதே அல்ல, அது முகத்தின் ஒரு பகுதி. தர்ஸ்டனுக்கும் அதுதான், நகைக்கடைக்காரனுக்கும் அதுதான், பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் அதுதான். மடல் திசை சொல்கிறது, குழல் ஒலியைக் கூட்டுகிறது என்கிற அதன் வேலையை யாருடைய பதிவேடும் குறித்துக்கொள்ளவில்லை.

நம் பேச்சுவழக்கில் ‘என்கிட்டயே காது குத்துறியா?’ என்றால் ஏமாற்றுகிறாயா என்று பொருள். இருக்கன்குடியில் மாரியம்மன் கோயிலில், தாய்மாமன் மடியில் வைத்து, மொட்டையடித்துச் சந்தனம் பூசிக் காது குத்துகிறார்கள். பிள்ளை முட்டாயைப் பார்த்து வாய் திறந்திருக்கிற நேரத்தில் ஆசாரி குத்திவிடுவார். ஏமாற்றுதல் என்ற பொருள் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். முட்டாய் கொடுப்பதும் குத்துவதும் ஒரே கையால் நடக்கிறது. ஒழுங்குமுறைகள் என்று நமக்குத் தரப்படுகிறவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முட்டாய்தான் நினைவுக்கு வருகிறது.

5

இனி நெருப்பு. முகம் தீயில் வேகும்போது காது தப்புவது அரிது. துருத்திக்கொண்டு நிற்கிறது, மேல்தோல் மெல்லியது, அடியில் கொழுப்பு இல்லை. குருத்தெலும்புக்குத் தனக்கென்று ரத்தக்குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கிற சவ்விலிருந்துதான் அது உயிர் வாங்குகிறது. தோல் போனால் சவ்வு போகும், சவ்வு போனால் குருத்தெலும்பு சாகும். சில நாளில், சிலருக்குச் சில வாரத்தில், சீழ் பிடித்து மடல் கருகின அப்பளம்போல் சுருங்கிவிடும். அதனால் காது வெந்தவர்களுக்குத் தலையணை கொடுக்கக் கூடாது என்பது தீக்காயப் பிரிவின் பாலபாடம். தலையணை அழுத்தினால் மிஞ்சியிருக்கிற ரத்த ஓட்டமும் நின்றுவிடும். உடம்பெல்லாம் வெந்து கிடக்கிறவர் தலைக்கு ஒன்றும் இல்லாமல் மல்லாந்தே கிடக்க வேண்டும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது, ‘ஒரு தலகாணிகூடக் குடுக்க மாட்டீகளா?’ என்பதுதான்.

வெடிப்பின் காற்றழுத்தம் வேறொரு வழியாக வருகிறது. குழலுக்குள் புகுந்து செவிப்பறையில் அறைகிறது. பறை கிழிந்தால் சின்னக் கிழிசல் சில வாரத்திலோ மாதத்திலோ தானாக மூடிக்கொள்ளும். உள்ளே நேர்ந்த சேதம் மூடாது. காது இரைந்துகொண்டே இருக்கும். ‘கடலுக்குள்ள இருக்க மாதிரி இருக்கு’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அவர் கடலைப் பார்த்ததில்லை. பட்டியலில் இறந்தவர்கள் எத்தனை, காயமடைந்தவர்கள் எத்தனை என்று வரும். வீடு திரும்பியபின் காது இரைகிறவர்களுக்குப் பட்டியல் கிடையாது. 1991 ஜூலையில் மீனம்பட்டி விபத்துக்குப் பிறகு உச்சநீதிமன்றம் தானாகவே தலையிட்டது. 1996 டிசம்பரில் குழந்தைத் தொழிலாளர் பற்றிய தீர்ப்பு வந்தது. பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினார்கள். அது பெரிய காரியம். தாய்மார்கள் அதே அறைகளில் தொடர்ந்தார்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சிவகாசிக்குப் பக்கத்தில். இறந்தவர்கள் 38 பேருக்குக் குறையாது. இந்த விபத்தில் ஒன்றை நாம் மறக்கக் கூடாது. இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள் அல்ல. முதல் சத்தம் கேட்டு, எந்தப் பக்கம் என்று தெரிந்து, ஓடி வந்தவர்கள். காப்பாற்ற வந்தவர்களும் பார்க்க வந்தவர்களும். அடுத்த வெடிப்பு அவர்களைக் கொண்டுபோனது. நகரத்துச் செய்திகளில் ‘வேடிக்கை பார்க்க வந்தவர்கள்’ என்று வந்தது. சத்தம் கேட்டால் ஓடிப்போகிற ஊர்க்காரனை வேடிக்கை பார்க்கிறவன் என்று சொல்வதற்கு, அந்த ஆலையில் தனக்கு யாரும் இல்லாத காது வேண்டும். அவர்களுக்குத் திசை சரியாகத் தெரிந்தது. வெளிச்செவி தன் வேலையைச் செய்தது. தூரம் எவ்வளவு இருந்தால் பிழைக்கலாம் என்பதைத்தான் யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பாடினியின் காதில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறோம். உடம்பு ஒரு பிரதி, அதில் அதிகாரம் எழுதுகிறது என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். ஃபூக்கோவைப் படித்த யாரும் இதைச் சொல்லிவிடலாம். ஆனால் காது வெறுமே எழுதப்படுகிற தாள் அல்ல. அது கேட்கவும் செய்கிறது. அப்பத்தாவின் காதில் ஈயமும் ஓலையும் தங்கமும் எழுதின எழுத்தைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் காது எழுபது வருசமாக என்ன கேட்டது, எந்தெந்தப் பக்கம் கேட்டது என்பதை நாம் கேட்டு எழுதவில்லை. நீண்ட காதைப் படம் பிடித்தவர்கள் உண்டு, பாம்படத்தின் வடிவத்தைப் புகழ்ந்தவர்கள் உண்டு, 2023இல் ‘தண்டட்டி’ என்று ஒரு சினிமாகூட வந்தது. முதல் வேலையாக நாம் செய்யக்கூடியது, ஆலைகளைச் சுற்றியிருக்கிற ஊர்களில் காது இரைகிறவர்களையும் மடல் கருகினவர்களையும் எண்ணிக் குறித்துக்கொள்வது. எந்த ஆலை, எந்தத் தேதி, எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள், யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், என்ன கிடைத்தது. இதற்குக் கோட்பாடு தேவையில்லை. ஒரு நோட்டும், உட்கார்ந்து கேட்கிற பொறுமையும் போதும்.

அப்பத்தா சாகிறதுக்கு முந்தின வருசம் காது சரியாகக் கேட்கவில்லை. தண்டட்டியை எப்போதோ விற்றாயிற்று. காது மூளியாகத் தொங்கியது. ஒருநாள் மத்தியானம் சத்தம் கேட்டது. நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். அப்பத்தாவுக்குச் சத்தம் கேட்டிருக்க வழியில்லை. நாங்கள் ஓடினதைப் பார்த்துவிட்டு, படுத்த இடத்திலிருந்தே, கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு கேட்டது:

‘எந்தப் பக்கம்டா?’